தோட்டத்துப் பிள்ளைகளோடு ஜாக்கி ரொபின்சன் நாடகம்: பேஸ்போலை மேடையில் எப்படிக் காட்டுவது?

மஸ்கெலியா_மேடை:

வணக்கம். மலையகத்தில் நாடகம் போடுகிறவர்கள், முன்பு போட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து ஜாக்கி ரொபின்சன் பற்றி முக்கால் மணி நேர நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்போலில் 1880களுக்குப் பிறகு கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்க்கவில்லை. எழுதி வைத்த சட்டம் என்று ஒன்றும் கிடையாது, அணி முதலாளிமார் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுதான், ஆனால் எழுதிய சட்டத்தைவிட இறுக்கமாக அறுபது வருடம் நின்றது. 1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளின் டொஜர்ஸ் அணியின் 42ஆம் இலக்கச் சட்டையோடு ரொபின்சன் மைதானத்தில் இறங்கினார், அன்றோடு அது உடைந்தது.

என் கையில் இருக்கும் பிரதி இப்படிப் போகிறது. டொஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, சுருட்டும் கண்ணாடியுமாக ஒரு கிழவர், ரொபின்சனைத் தன் கந்தோருக்குக் கூப்பிடுகிறார். உன்னைத் திட்டுவார்கள், துப்புவார்கள், நீ திருப்பி அடிக்கக் கூடாது, முடியுமா என்று கேட்கிறார். இவர் ஒத்துக்கொள்கிறார். அப்புறம் விளையாட்டு, ஏச்சு, பொறுமை, கடைசியில் கைதட்டல்.

இங்கே யாருக்கும் பேஸ்போல் தெரியாது என்பது பெரிய தலையிடி. அதோடு வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று பார்ப்பவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? ஒரு பையன் முகத்தில் கரி பூசலாம் என்கிறான், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பையன்கள் பாதிப் பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டதால் குழுவில் பெண் பிள்ளைகள்தான் அதிகம், அதையும் யோசிக்க வேண்டும். மண்டபத்துக்குத் தகரக் கூரை, மழை பிடித்தால் வசனம் ஒன்றும் கேட்காது. சொல்லுங்கள்.

எல்லே_பைத்தியம்:

பேஸ்போல் தெரியாது என்று ஏன் கவலைப்படுகிறீர்கள், எல்லே தெரியாத தோட்டம் உண்டா? சித்திரை வருடப் பிறப்புக்கு மைதானத்தில் கம்பை எடுத்துக்கொண்டு டெனிஸ் பந்தை விளாசிவிட்டு ஓடுகிறோமே, அதற்கும் இதற்கும் அண்ணன் தம்பி உறவுதான். அடிக்க மூன்று சந்தர்ப்பம், அடித்தால் நாலு இடத்தையும் சுற்றி வரவேண்டும், மேலே போன பந்தைப் பிடித்தால் அவுட். எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட், பேஸ்போலில் எறியக் கூடாது, பந்து வைத்திருக்கிற கையால் அவனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அவன் போய்ச் சேருவதற்குள் பந்து அந்த இடத்துக்கு, அதாவது அந்த பேஸுக்கு, போய்ச் சேர வேண்டும். ஒரே மூச்சில் சுற்றத் தேவையில்லை, நடுவில் ஒரு பேஸில் நின்றுகொண்டு அடுத்தவன் அடிக்கும்போது தொடரலாம். இவ்வளவையும் கட்டியக்காரன் ஒருவன் வந்து கம்பைச் சுழற்றிக்கொண்டு அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனால் போதும். இதைவிட அதிகமாக விதி சொன்னால் சனம் டீ குடிக்க வெளியே போய்விடும்.

மேடையில் பந்தே வேண்டாம் அண்ணே. நிஜப் பந்தைப் போட்டால் முன்வரிசையில் இருக்கும் தாத்தாவின் மூக்கில்தான் போய் விழும். உங்கள் தோட்டத்தில் தப்புப் பறை இருக்கும்தானே? பந்து வீசுபவன் கையை வீசுகிறான், அடிப்பவன் கம்பைச் சுழற்றுகிறான், தப்பில் ஒரே ஒரு அடி. அடி பட்டதா, தவறியதா, பின்னால் இருப்பவன் கையுறையில் விழுந்ததா என்று தப்பின் நடுவிலும் விளிம்பிலும் மாற்றித் தட்டினாலே வேறுபாடு தெரியும். தகரத்தில் மழை விழுந்தாலும் தப்புச் சத்தம் அமுங்காது, அதனால் அந்தப் பிரச்சினைக்கும் இதுவே மருந்து.

விளையாட்டில் ஒரே ஒரு காட்சியை மட்டும் காட்டுவது என்றால் அவர் 'ஹோம்' திருடியதைக் காட்டுங்கள். மூன்றாவது பேஸில் நிற்பவன், அடிப்பவனை நம்பாமல், வீசுபவன் கையை ஓங்கும் நேரம் பார்த்து நேரே கடைசி இடத்துக்குப் பாய்வது, அதைத்தான் திருடுவது என்கிறார்கள். லீக் ஆட்டங்களில் மட்டும் 19 தடவை செய்திருக்கிறார். 1955 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு எதிராகச் செய்தபோது அவருக்கு வயது 36, பந்து பிடிப்பவர் யோகி பெரா அவுட் என்று நடுவர் முன்னால் குதித்த குதியை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கலாம். மேடையில் அதைச் செய்ய இரண்டு பேர் போதும். வீசுபவன் நடுவில். ரொபின்சன் ஓரத்தில், இரண்டு அடி முன்னால் வருகிறார், ஒரு அடி பின்னால் போகிறார், அவர் கால் அசையும்போது மட்டும் தப்பு தட்டுகிறது, வீசுபவன் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறது. திரும்பவும் அசைகிறார். வீசுபவனுக்கு வியர்க்கிறது. இதை ஒரு நிமிடம் இழுத்துவிட்டு ஓட விட்டால் மண்டபமே எழுந்துவிடும், பேஸ்போல் தெரியாத கிழவிகூட எழுந்துவிடும்.

பதுளைக்காரி:

சேர், கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் எழுதிய சுருக்கத்தைப் பார்த்தால் இது ரொபின்சன் நாடகம் இல்லை, ரிக்கி நாடகம். நல்ல மனசுக்கார வெள்ளையர் ஒருவர் கூப்பிட்டுச் சந்தர்ப்பம் கொடுத்தார், கறுப்பர் பொறுமையாக இருந்து பெயர் வாங்கினார். நம் ஊரில் இதை 'நல்ல துரை' கதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் பழையவர்கள் அப்படி ஒரு துரையைப் பற்றிச் சொல்வார்களே, லயத்துக்குத் தகரம் மாற்றிக் கொடுத்தார், திருவிழாவுக்கு லொறி கொடுத்தார் என்று. கொடுத்திருப்பார்தான். ஆனால் அந்தத் தகரத்துக்காக எத்தனை பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது அந்தக் கதையில் வராது.

ரிக்கி தைரியசாலிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் கந்தோர் கதவு ஒருநாள் காலையில் தானாகத் திறக்கவில்லை. கறுப்பினப் பத்திரிகைகள் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்த லெஸ்டர் ரொட்னி 1936இலிருந்து இதையே ஒரு இயக்கமாக நடத்தினார். 1920இலிருந்து பேஸ்போலின் ஆணையாளராக இருந்த லாண்டிஸ் 1944 நவம்பரில் செத்துப் போனார். 1945இல் நியூயோர்க் மாநிலம் வேலைக்கு ஆள் எடுப்பதில் இனப்பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியினர் நகரசபை உறுப்பினர் ஒருவரின் நெருக்குதலுக்காக ரொபின்சனையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பரீட்சித்துப் பார்ப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். (அந்த அணி முதல் கறுப்பின ஆட்டக்காரரை இறக்கியது 1959இல், எல்லா அணிக்கும் கடைசியாக.) அந்த மூவரையும் பொஸ்டனுக்கு அழைத்துப் போனவர் வெண்டல் ஸ்மித், பிட்ஸ்பேர்க் கூரியர் பத்திரிகைக்காரர். திரும்பும் வழியில் புரூக்ளினில் இறங்கி ரிக்கியிடம் ரொபின்சன் பெயரைச் சொன்னவரும் அவர்தான். 1947 முழுக்க ரொபின்சன் கூடவே ஊர் ஊராகப் போனார், ஆனால் அவர் கறுப்பர் என்பதால் பத்திரிகையாளர் பகுதியில் உட்கார இடமில்லை, பார்வையாளர் வரிசையில் டைப்ரைட்டரை மடியில் வைத்து அடித்தார்.

அந்த ஆளை மேடையில் உட்கார வையுங்கள். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை ஓரத்தில், மடியில் டைப்ரைட்டரோடு. கதை சொல்வதும் அவரே. கட்டியக்காரன் வேலையும் அவருக்கே போய்ச் சேரும்.

இன்னொன்று, காசு. ரிக்கி ரொபின்சனை எடுத்தது கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்ற கறுப்பின லீக் அணியிலிருந்து. அந்த அணிக்கு ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை. நுவார்க் என்ற இன்னொரு கறுப்பின லீக் அணியை நடத்திய எஃபா மான்லி என்ற பெண்மணி இந்த வேலையைப் பற்றி வெளிப்படையாகச் சண்டை பிடித்தார், பிறகு 1947 ஜூலையில் கிளீவ்லாந்து அணி அவருடைய ஆள் லாரி டோபியை எடுத்தபோது காசு கொடுத்துத்தான் எடுத்தது. பெரிய லீக் திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது, கறுப்பின லீக்குகள் சில வருடத்தில் நொடித்துப் போயின. அந்த லீக்கின் பெரிய அடிகாரர் ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் செத்தார், ஏப்ரல் 15ஐப் பார்க்கவில்லை. உங்கள் நாடகத்தை அங்கே தொடங்கினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பெண் பிள்ளைகள் அதிகம் என்றீர்களே, எஃபா மான்லி ஒருத்தி போதும், வெளுத்துக் கட்டுவாள்.

லயத்து_ரேடியோ:

1947 என்றதும் எனக்கு ஒன்று ஓடுகிறது. அதே வருடம் இங்கே நடந்த தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சில ஆசனங்கள் எடுத்துப் பாராளுமன்றம் போனது. அடுத்த வருடமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம், நம் ஆட்கள் நாடற்றவர்கள். அங்கே கதவு திறந்தது, இங்கே கதவு மூடியது. கடைசியில் யாராவது முன்னால் வந்து இதைச் சொன்னால் எப்படி?

பதுளைக்காரி:

பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் விழும். நாடகத்தில் வேண்டாம் தம்பி. பார்க்கிற சனத்துக்கு 1948 தெரியாதா? எங்கள் ஆச்சி கையில் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் செத்தார். அங்கே ஒரு மனுசன் பஸ்ஸில் பின்னால் போ என்று சொல்லப்பட்டால் இங்கே இருப்பவர்களுக்கு நாம் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக முரளி கதையையும் செருகாதீர்கள், யாராவது கட்டாயம் சொல்லுவார்கள் என்று தெரியும். 1995இல் மெல்பேர்னில் நோ-போல் கொடுத்தது வேறு சங்கதி, அதற்குத் தனி நாடகம் எழுதலாம்.

மஸ்கெலியா_மேடை:

எல்லாருக்கும் நன்றி, வெண்டல் ஸ்மித்தைக் கட்டாயம் உட்கார வைக்கிறேன், தப்பும் சரி. ஆனால் ரிக்கி கந்தோர் காட்சியை வெட்ட எனக்கு மனமில்லை தங்கச்சி. 1945 ஓகஸ்ட் 28, மூன்று மணி நேரம் இரண்டு பேரும் ஒரே அறையில். ரிக்கி அறை கொடுக்காத ஹொட்டல்காரனாக நடிக்கிறார், சாப்பாடு மறுக்கும் வெயிட்டராக நடிக்கிறார், காலால் மிதிக்கும் எதிரணி ஆளாக நடிக்கிறார், ரொபின்சன் முகத்துக்கு நேரே வந்து திட்டுகிறார். நாடகத்துக்குள் நாடகம் தானாகவே அமைந்திருக்கிறது, எந்த எழுத்தாளனுக்கு இப்படிக் கிடைக்கும்? என் பயம் அதற்குப் பிறகு வருகிற காட்சி. பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மனும் அவருடைய ஆட்களும் ஏப்ரல் கடைசியில் ரொபின்சனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள், இவர் கம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். ஒத்திகையில் இந்த இடம் வந்தால் பார்க்கிற சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பழைய_டீச்சர்:

சிரிக்கத்தான் செய்வார்கள் மகன். நம் மேடையில் ஒருவனை ஏசும்போது அவன் பேசாமல் நின்றால் அவன் கோமாளி என்றுதான் பழகியிருக்கிறோம். திருப்பி அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் நிற்கிறான் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்த மௌனத்துக்குப் பெறுமதி. உங்கள் பிரதியில் ரொபின்சன் கோபப்படும் காட்சி எங்கே? ஒன்றுமே காணோம்.

1944 ஜூலையில் டெக்சாஸில் படை முகாமில் அவர் லெப்டினன்ட். இராணுவ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார், டிரைவர் பின்னால் போய் உட்காரச் சொன்னான், மாட்டேன் என்றார். படை நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள், குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. இதை முதலில் போடுங்கள். நாற்காலிகளை இரண்டு இரண்டாக வைத்தால் பஸ், அதைப் பார்த்ததும் எந்த பஸ் என்று நம் சனத்துக்குச் சொல்லவே தேவையில்லை. டிரைவர் முதல் தடவை சாதாரணமாகச் சொல்லட்டும், இரண்டாம் தடவை எழுந்து வந்து சொல்லட்டும். ரொபின்சன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பிறகு எழும்பட்டும், குரல் உயரட்டும், விரலை நீட்டட்டும். இந்த ஆள் லேசுப்பட்டவன் இல்லை என்று சனத்துக்கு விளங்க வேண்டும். அதைப் பார்த்த பிள்ளைகள் சாப்மன் காட்சியில் சிரிக்க மாட்டார்கள், இப்போது அடிப்பான், இப்போது அடிப்பான் என்று காத்திருப்பார்கள்.

ஏச்சுச் சொற்களை மேடையில் நின்று பேச வேண்டாம். உங்கள் பிள்ளைகளில் நாலைந்து பேரைச் சனத்துக்குப் பின்னால், கதவடியில் நிறுத்துங்கள். இருட்டில் பின்னாலிருந்து சத்தம் வரட்டும், சொல் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொனி போதும். அப்போது ஏச்சு பார்ப்பவர்கள் முதுகிலும் விழும்.

அந்த மௌனத்துக்கு ஒரு முடிவும் இருந்தது என்று காட்டுங்கள். காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த மனுசன் இல்லை அவர். 1949இல் அந்தக் கட்டு அவிழ்ந்தது, நடுவரோடு வாதாடினார், ஏசியவனுக்குத் திருப்பிக் கொடுத்தார், அந்த வருடமே .342 சராசரியோடு தேசிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். பொறுமைசாலியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு நாம் வேறு ஏதோ சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். பதுளைக்காரி சொன்ன துரை கதைக்கும் இதுதான் மருந்து, ரிக்கியை வெட்டுவது இல்லை.

மனைவி ரேச்சலை மறந்துவிட்டீர்கள். 1946 பெப்ரவரியில் கல்யாணம், மாதம் முடிவதற்குள் பயிற்சிக்காக ஃபுளோரிடாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் விமானத்திலிருந்து இவர்களை இறக்கிவிட்டு வேறு ஆட்களை ஏற்றினார்கள், கடைசியில் பஸ்ஸில் பின் ஆசனத்தில் போக வேண்டி வந்தது. 1944இல் எழுந்து நின்று சண்டை பிடித்த அதே ஆள் இந்தத் தடவை பேசாமல் பின்னால் போகிறார், பக்கத்தில் புதுப் பெண்சாதி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே நாற்காலிகள், அதே பஸ். வசனமே வேண்டாம். நல்ல நடிகை ஒருத்தி இருந்தால் இந்த ஒரு காட்சிக்காகவே நாடகம் நிற்கும்.

எல்லே_பைத்தியம்:

கரி விசயத்தை யாரும் சொல்லவில்லையே. பூசவே பூசாதீர்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, ஒரே மாதிரி. மேடையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. பேஸ்போல் மைதானத்திலும் ஓரக்கோடு வெள்ளைப் பொடியால்தான் போடுவார்கள், அதனால் பார்க்கிறவர்களுக்கு அது மைதானக் கோடு மாதிரியும் இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வரலாம், இந்தப் பக்கம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. துரை வந்தால் பாதையை விட்டு இறங்கிக் குடையை மடக்கிக்கொண்டு நின்ற கதையை எங்கள் தாத்தா சொல்வார், அங்கே கோடுகூட போட்டிருக்கவில்லை. துரைமார் விளையாடிய ரதல்ல மைதானத்தை வேலி ஓரமாக நின்று பார்த்த தலைமுறைக்கு இது உடனே பிடிபடும்.

இன்னொரு சந்தேகம். பீ வீ ரீஸ் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் ஏச்சு நடக்கும்போது ரொபின்சன் தோளில் கைபோட்டார் என்று ஒரு காட்சி எல்லா இடத்திலும் வருகிறதே, அதைப் போடுவீர்களா?

பழைய_டீச்சர்:

நான் போட மாட்டேன். அது நடந்தது 1947இல் சின்சினாட்டியில் என்பார்கள், 1948இல் பொஸ்டனில் என்பார்கள், அந்தக் காலப் பத்திரிகைகளில் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. புரூக்ளினில் கொனி ஐலண்ட் பக்கம் சிலையே வைத்துவிட்டார்கள். ரீஸ் நல்ல மனுசன்தான், டொஜர்ஸ் ஆட்டக்காரர் சிலர் ரொபின்சனுக்கு எதிராக மனு எழுதியபோது கையெழுத்துப் போட மறுத்தவர். அதைப் போடலாம். அந்த மனுக் கதையே நல்ல காட்சி: பனாமாவில், நடு இரவில், படை முகாம் சமையலறையில், மேலாளர் டூரோஷர் எல்லாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டி வந்து, அவன் கறுப்போ மஞ்சளோ எனக்குக் கவலையில்லை, அவன் உங்கள் பைக்குக் காசு கொண்டு வருவான் என்ற பாணியில் கத்துகிறார். இரவு உடுப்போடு பத்துப் பேர், நடுவில் பானை சட்டி. சிரிப்பு வேண்டுமென்றால் பிள்ளைகள் இங்கே சிரிக்கட்டும்.

மஸ்கெலியா_மேடை:

இரண்டு பஸ் காட்சியும் எழுதியாயிற்று, இன்று பின்னேரம் ஒத்திகை. ரேச்சலுக்கு ஆள் இருக்கிறாள். கடைசிக் காட்சிதான் இன்னும் உதைக்கிறது. ஏப்ரல் 15 அன்று அவர் ஒரு ஹோம் ரன் அடித்து, அதாவது ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்து, முடிப்பதாக வைத்திருந்தேன்.

பதுளைக்காரி:

அன்றைக்கு அவருக்கு ஒரு அடிகூடக் கிடைக்கவில்லை சேர். மூன்று தடவை அடிக்கப் போய் ஒன்றும் இல்லை, பிறகு தட்டிவிட்டு ஓடியபோது எதிரணி பந்தைத் தவறாக எறிந்ததால் பேஸுக்குப் போய், அங்கிருந்து ஒரு ரன் எடுத்தார். டொஜர்ஸ் 5, பொஸ்டன் பிரேவ்ஸ் 3. அப்படியே போடுங்கள், அதுதான் நன்றாக இருக்கும். ஹோம் ரன் கட்டாயம் வேண்டுமென்றால் 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி: டொஜர்ஸின் கீழ்நிலை அணியான மொன்றியலுக்காக இறங்கிய முதல் நாளே நாலு அடி, அதில் ஒன்று மூன்று ரன் கொடுத்த ஹோம் ரன். அதை நடுவில் வைத்துத் தப்பை வெளுத்து வாங்கச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா_மேடை:

ஜெர்சி சிட்டியை நடுவில் வைக்கிறேன், ஏப்ரல் 15ஐ வெண்டல் ஸ்மித் டைப் அடித்துக்கொண்டே வாசிக்கட்டும். இப்போது இல்லாதது நல்ல தப்புக்காரர் ஒருவர்தான், எங்கள் தோட்டத்தில் அடிப்பவருக்கு வயதாகிவிட்டது, இரவுக் குளிரில் வர மாட்டேன் என்கிறார். ஹட்டன், நோர்வூட் பக்கம் காமன் கூத்துக்கு அடிக்கிற ஆள் யாரையாவது தெரிந்தால் தனி மெசேஜ் போடுங்கள். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.